அவுட்லெட்டில் கட்டிய மீன்வலை

கருவடிக்குப்பத்தில் நாங்கள் பராமரித்த மழைநீர்க் குளம், புயல் மழை தொடங்கும் முன்பே நிரம்பிக் கிடந்தது. மூன்று பிளாக், நாற்பத்தெட்டு வீடு, அத்தனை மொட்டைமாடித் தண்ணீரும் அதில்தான் இறங்கும். இப்படிப்பட்ட குளம் காலியாக இருந்தால்தான் வேலை செய்யும். பெய்யும்போது வாங்கிக்கொண்டு, அடியிலுள்ள அவுட்லெட் பைப் வழியாக வாய்க்காலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். புயல் எச்சரிக்கை வந்த அன்று காலை, நீர்மட்டம் காட்டும் கேஜ் போஸ்டைப் பார்த்தேன். பத்துக் கோட்டில் எட்டு முழுகியிருந்தது. மறுபடி எண்ணினேன். எட்டுதான்.

என்னுடன் வந்த ஏழுமலை மூங்கில் கழியால் துழாவினான். பைப் வாயில் வலை, அதில் இலையும் கேரி பேக்கும் அப்பிக் கிடந்தன. கட்டியவர் குடியிருப்புச் சங்கத் தலைவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். எல்லாருக்கும் அவர் முசியே. கெண்டைக் குஞ்சு வாங்கிக் குளத்தில் விட்டிருந்தார். அவை பைப் வழியே ஓடிவிடாமலிருக்கத்தான் வலை.

வலையை எடுக்கப்போகிறோம் என்று தெரிந்து குடையுடன் வந்து அவுட்லெட் மேட்டில் நின்றுகொண்டார்.

"நோவேலுக்கு வீட்டுக்கு ரெண்டு மீனுன்னு சொல்லிட்டேன். அதுவரைக்கும் ஒருத்தரும் கை வெக்கக் கூடாது." கிறிஸ்துமஸை அவர் நோவேல் என்றுதான் சொல்வார்.

இன்னும் இரண்டு கோடுதான் பாக்கி, ஒரு நல்ல மழைக்குத் தாங்காது என்று சொல்லிப் பார்த்தேன். தான் பார்க்காத மழையா என்றார். அதற்குள் தூறல் விழுந்துவிட்டது.

குளத்தை ஒட்டிய கீழ்வீட்டு வசந்தா வெளியே வந்தார். அவர் கணவர் இடுப்பில் ஆபரேஷன் ஆகிக் கட்டிலோடு கிடந்தார். வசந்தா குரலை உயர்த்தவில்லை.

"முசியே, உங்க மீனு எங்க கட்டிலுக்கு அடியில வந்தா நானே புடிச்சுக் கொழம்பு வெச்சுத் தரேன். அவரத் தூக்கறதுக்கு மட்டும் நாலு ஆளோட வந்துடுங்க."

முசியே குடையை வசந்தாவின் கையில் கொடுத்துவிட்டுச் சட்டையைக் கழற்றினார். ஏழுமலை கத்தியை நீட்டினான்.

"வேணாம். என் முடிச்சு எனக்குத் தெரியும்."

இடுப்பில் கயிறு கட்டாமல் இறங்க விடமாட்டேன் என்று நான் மறித்தேன். அடைப்பு விடும்போது பைப் ஆளையே இழுக்கும். கயிற்றை நானும் ஏழுமலையும் பிடித்துக்கொண்டோம். மார்பளவு நீரில் குனிந்து அவிழ்த்தார். வலை விட்டதும் தண்ணீர் உறுமியது. கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. பின்னால் சாய்ந்து இருவரும் இழுத்தோம். கரையேறிய முசியேயின் தோளில் அந்த வலை கிடந்தது!

வாய்க்காலில் வெள்ளி வெள்ளியாகக் கெண்டை துள்ளியது. சைக்கிளில் போனவர்கள் இறங்கி வேட்டியை விரித்தார்கள்.

"போவட்டும். ஊரு தின்னட்டும்" என்றார் முசியே.

மதியத்துக்குள் நீர் மூன்றாம் கோட்டுக்கு இறங்கியது. அப்புறம் ஊற்றியது பாருங்கள், மழை! ஐந்து, ஏழு, எட்டு. நனைந்துகொண்டே எண்ணினேன். ஒன்பதில் நின்றது. வசந்தா வீட்டு வாசற்படி நனையவில்லை. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

கோடையில் தூர் வாரும்போது, குளத்தின் ஒரு மூலையை அவுட்லெட் மட்டத்துக்கும் கீழே ஆழமாகத் தோண்டினோம். அங்கே எப்போதும் தண்ணீர் நிற்கும், மீனும் நிற்கும்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்கிறேன். குளத்தை ஒப்படைக்கும்போது பைப் எங்கே என்று காட்டினால் போதாது. இங்கே என்ன வளர்க்க ஆசை என்று குடியிருப்பவர்களைக் கேளுங்கள். நீங்கள் இடம் ஒதுக்காவிட்டால் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். அது உங்கள் அவுட்லெட்டாகத்தான் இருக்கும்.