மாமாவின் பிக்கப்புக்கு ஒரு ஜோடி ஸ்பிரிங்

மர்பி டவுனிலிருந்து கண் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பதினான்கு வேகத்தடைகள் இருக்கின்றன. போன மாதம் பதின்மூன்றுதான் இருந்தன. புதிதாக முளைத்ததற்கு ஒரு வெள்ளைக்கோடுகூட இல்லை. ஒவ்வொன்றும் வருவதற்கு முன்பே நான் இருக்கையை இறுகப் பிடித்துக்கொள்வேன். கார் ஓட்டுகிறவள், "அத்தான், ஒண்ணும் ஆவாது, கைய எடுங்க" என்பாள். எடுக்க மாட்டேன். குலுங்காத வண்டியை வாழ்நாளில் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். அது ஓர் ஓட்டை வண்டி.

என் தாய்மாமாவின் பிக்கப் அது. அமெரிக்காவில் செய்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது விட்டுப்போனதை மாமா ஏலத்தில் எடுத்திருந்தார். தன் ஊரான அத்திபெலேயிலிருந்து தக்காளியும் கோஸும் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்கு வருவார். மற்ற வண்டிகளுக்குப் பின்னால் பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங் இருக்க, இதற்கு மட்டும் நாலு சக்கரத்துக்கும் சுருள் ஸ்பிரிங். அதில் மாமாவுக்குக் கர்வம். அந்தக் கர்வத்தைத் தவிர இந்த வண்டிக்கு வேறு உதிரிபாகம் ஊரில் கிடைக்காது என்பது அப்பாவின் கருத்து. பின்பக்க இடது ஸ்பிரிங் செத்துப்போய், கட்டி வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி வண்டி ஒருபக்கம் சாய்ந்தே நிற்கும்.

அந்த வருஷம் மாமாவின் மனைவியான அத்தைக்கு ஏழாம் மாதம். முன்பு இரண்டு முறை தங்கவில்லை. இம்முறை டாக்டரம்மா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், வரும் வழியில் படுத்தே வர வேண்டும், வண்டி குலுங்கவே கூடாது என்று சொல்லியிருந்தார். அத்தைக்குத் தாயில்லை. நாத்தனாரான என் அம்மாவே தாய்வீடாக இருந்து மர்பி டவுனிலுள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்துவருவது என்று முடிவாயிற்று. எட்டு வயதான எனக்கு இதில் எதுவும் சொல்லப்படவில்லை. அத்தைக்கு வயிறு வீங்கியிருக்கிறது, வைத்தியம் பார்க்க வருகிறாள் என்றார்கள். நம்பினேன்.

அப்பா வாடகைக் கார் பேசலாம் என்றார். காரில் காலை நீட்டிப் படுக்க முடியாது, என் வண்டியில் மெத்தை போட்டால் முடியும் என்று மாமா பிடிவாதம் பிடித்தார். பிக்கப் எங்கள் தெருமுனை ஷெட்டுக்கு வந்தது.

ஷெட் மேஸ்திரி வாய்ப்பேச்சில் வல்லவர். "அரே, ஒரு ஸ்பிரிங்தானே சாமி! எங்கிட்ட இல்லாத மாலா?" என்று பழைய சாமான் குவியலிலிருந்து ஒன்றை உருவி இடது பக்கம் மாட்டிவிட்டார். இறக்கிப் பார்த்தால் வண்டி இப்போது வலது பக்கம் சாய்ந்தது. எதைப் பார்த்தாலும் எண்ணுகிற வியாதி எனக்கு அப்போதே இருந்தது. பழைய ஸ்பிரிங்கில் எட்டுச் சுற்று, புதியதில் ஒன்பது. சொன்னேன். "பையன் சொல்றது சரிதான். ஜோடி மிலாக்கணும், ரெண்டும் ஒரே மாதிரி வேணும்" என்று மேஸ்திரி, தான் முதலிலேயே அதைத்தான் சொன்னவர் போலத் தலையாட்டினார்.

மாமா சிவாஜிநகர் குஜரியில் பழைய இரும்புக் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு ஜோடி கொண்டுவந்தார். இரண்டும் ஒரே உயரம், ஒரே தடிமன், ஆளுக்கு ஏழு சுற்று. ஏதோ கனமான வண்டியிலிருந்து கழற்றியவை. மாட்டியதும் பிக்கப் மட்டமாக நிமிர்ந்து நின்றது. தெருவே கைதட்டியது. மாமா மட்டும் கைதட்டவில்லை. வீட்டிலிருந்து பித்தளைக் குண்டானை வாங்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, வண்டியின் பின்தளத்தில் நடுவில் வைத்தார். வண்டியைச் சாக்கடைப் பலகை மேல் ஏற்றி இறக்கினார். வண்டி முரட்டுக் குதிரையாகத் துள்ளியது. துள்ளிய பிறகும் நிற்காமல் நாலு முறை ஆடியது. பாதித் தண்ணீர் தளத்தில் கிடந்தது.

ஆடுவது ஷாக் அப்சார்பரின் குற்றம், எண்ணெய் ஒழுகிவிட்டது, இந்தத் தடிமன் ஸ்பிரிங்கை அடக்க அதற்கேற்ற ஷாக் வேண்டும் என்றார் மேஸ்திரி. அதுவும் வந்தது. மறுபடி குண்டான். இப்போது ஆட்டம் ஒன்றோடு நின்றது. ஆனால் அந்த முதல் துள்ளல் போகவில்லை. கால் குண்டான் தண்ணீர் காலி.

மாமா சக்கரத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரிய ஆள் ஒருவர் தண்ணீர் சிந்தியதற்குக் கண் கலங்குவதை அன்றுதான் பார்த்தேன்.

அம்மா குண்டானைத் திருப்பி வாங்க வந்தவள். "டேய், தக்காளி ஏத்தினா இது இப்படிக் குதிக்குமா?" என்றாள்.

"பாரம் இருந்தா அமுங்கிப் போவும்க்கா. காலி வண்டிக்கு இந்த ஸ்பிரிங் ஜாஸ்தி."

அப்பா உடனே மணல் மூட்டை ஏற்றச் சொன்னார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "மண்ணு மூட்டை அவ கையப் புடிச்சிக்குமா?" என்றபடி சேலையைச் சொருகிக்கொண்டு வண்டியில் ஏறினாள். பக்கத்து வீட்டக்காவைக் கூப்பிட்டாள். எதிர்வீட்டுப் பெரியம்மாவைக் கூப்பிட்டாள். எத்தனை பாரம் சேர்ந்தது என்று கணக்கிட அப்பா பென்சிலோடு ஒவ்வொருவரிடமும் எடை கேட்டார். "எங்க வூட்டுக்காரரே இதுவரைக்கும் கேட்டதில்லண்ணா, நீங்க கேக்குறீங்களே!" என்றாள் பக்கத்து வீட்டக்கா. அப்பா பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டார்.

அம்மாவோடு சேர்த்து ஒன்பது பெண்கள் ஏறி உட்கார்ந்ததும், நடுவே குண்டானை நிரப்பி வைத்து மாமா பலகையின் மேல் ஓட்டினார். நான் கூடவே ஓடிப் பார்த்தேன். தண்ணீர் ஒரு பக்கம் மெல்ல எழும்பியது. விளிம்பைத் தொட்டது. திரும்பி வந்து நின்றது. ஒரு சொட்டு சிந்தவில்லை. யாரும் கைதட்டவில்லை. கோயிலில் திரை விலகும்போது வருமே, அப்படி ஓர் அமைதி.

மறுநாள் காலை அதே ஒன்பது பேரும் கிளம்பினார்கள். "நீயும் ஏறுடா, இருபது கிலோ ஆச்சு" என்றார் மாமா. அத்திபெலேயில் அத்தையை மணையில் உட்காரவைத்து இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டார்கள். எனக்குப் புளிசாதம் கிடைத்தது. பிறகு அத்தையை மெத்தையில் கிடத்தி, பெண்கள் சுற்றிலும் உட்கார்ந்தார்கள். தளத்தின் மூலையில் நான்.

ஓசூர் ரோட்டில் அப்போது பள்ளங்களுக்கு நடுவே ரோட்டைத் தேட வேண்டும். முந்தின நாள் தெருவே கிடுகிடுக்கச் சிரித்தவர்கள் இப்போது வாயைத் திறக்கவில்லை. அம்மாவின் ஒரு கை அத்தையின் கையிலும் இன்னொன்று வயிற்றின் மேலும் இருந்தது. பாதி வழியில், மழைநீர் ரோட்டை அறுத்துப்போட்டிருந்த ஒரு பெரிய பள்ளம் வந்தது. மாமா வண்டியை நிறுத்தி, இறங்கிப் பார்த்து, ஏறி, மாடு நடக்கிற வேகத்தில் விட்டார். முன்சக்கரம் இறங்கியது. பின்சக்கரம் இறங்கியது. தரை எங்களை மெதுவாகக் கீழே வாங்கி, மெதுவாக மேலே கொடுத்த மாதிரி இருந்தது. அத்தையின் வளையல்கள் ஒரே ஒருமுறை ஒலித்தன. இரண்டாவது ஒலிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. அத்தனை கனமான இரும்பு அத்தனை மென்மையாக நடந்துகொண்டதை இன்றுவரை என்னால் நம்ப முடிவதில்லை.

மர்பி டவுன் வந்து சேர்ந்ததும் வழக்கம்போல எல்லோரையும் எண்ணினேன். ஒன்பது பெண்கள், மாமா, அத்தை, நான். "பன்னெண்டு பேரும் வந்தாச்சும்மா" என்று கத்தினேன்.

அம்மா அத்தையின் கலைந்த தலைமுடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். "ஒண்ணு வுட்டுட்டே. திரும்பி எண்ணு" என்றாள்.

பெண்கள் அன்று முதல்முறையாகச் சிரித்தார்கள். அத்தை சிரித்துக்கொண்டே அழுதாள். மாமா போய்ப் பின்சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

நான் அன்று விட்டுவிட்டவள்தான் இப்போது என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிறாள். இருக்கையிலிருந்து கையை எடுக்கச் சொல்கிறாள். அவளுக்கென்ன, அவள் வந்தது போல அலுங்காமல் யாரும் இந்த ஊருக்கு வந்ததில்லை.

ஆனால் அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. என் கணக்கு தப்பியதே இல்லை. மீண்டும் எண்ணினேன், பன்னிரண்டு. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கடைசியில் பின்தளத்தில் ஏறி, அத்தை படுத்துவந்த மெத்தையையும் தூக்கிப் பார்த்தேன்.