மூடுபனியில் தூக்கிய கை

நடுவரே, பார்க்காததைப் பார்த்ததாகப் பொய் சொன்னீர்கள். கொடைக்கானல் நீச்சல் போட்டியில் உங்கள் இடம் குளத்தின் மறுமுனை. பிள்ளைகள் சுவரைத் தொட்டுத் திரும்புகிறார்களா என்று பார்ப்பதே உங்கள் வேலை. குளிர் தாங்காமல் எங்கள் பக்கம் வந்து டீ குடித்தீர்கள். ஸ்டாப்வாட்ச் பிடிக்க வந்த அம்மாக்களில் ஒருத்தியாக நான் பக்கத்தில்தான் நின்றேன். மூடுபனியில் மறுமுனை தெரியவே இல்லை. முதலாவதாக வந்த என் மகள் சுவரைத் தொடவில்லை என்று கை தூக்கி, அவளைப் போட்டியிலிருந்தே நீக்க வைத்தீர்கள்.

"சார், நீங்க இங்கனதான நின்னீங்க?" என்றேன்.

"வாட்ச் பிடிக்கிற சோலிய மட்டும் பாரும்மா" என்றீர்கள். மற்ற அம்மாக்கள் குனிந்து தங்கள் வாட்சைப் பார்த்துக்கொண்டார்கள்.

மாவட்ட அணியில் அவள் இல்லை. இனி நீந்த மாட்டேன் என்கிறாள். முறையிட்டாலும் நடுவர் சொன்னதே முடிவாம். எதுவும் மாறாது, தெரியும். ஆனாலும் அடுத்த போட்டியில் மைக்கைப் பிடித்து, எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்: அந்தப் பனியில் எதைப் பார்த்தீர்கள்?