வயிற்றுக்குள் போன திருநீறு

உடம்பைக் குறைக்கும் ஆபரேஷனுக்கு முன்னால் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று ராஜபாளையம் டாக்டர் சொன்னபோது எனக்குப் பயமே வரவில்லை. திருவிழாவுக்குக் கிளம்புகிற பரபரப்புதான் வந்தது. என்னைச் சுமந்து சுமந்து முட்டி இரண்டும் போய்க்கொண்டிருந்தன. ஆனால், வயிற்றில் புண் இருந்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும் என்றார். தள்ளிப்போனால் தொலைந்தேன். என் வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. சின்னச் சாக்கு கிடைத்தாலும் மனிதர் மாறிவிடுவார்.

குழாய் விடுகிற அன்று காலை, டாக்டர் சொன்னபடி பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிளம்பினோம். மடவார் வளாகம் கோயிலில் வைத்தியநாதரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார் வீட்டுக்காரர். நெற்றியில் பூசியது போக மீதித் திருநீற்றை எப்போதும் போல வாயில் போட்டுக்கொண்டேன். சாமி கொடுத்தது சாப்பாட்டுக் கணக்கில் சேருமா என்ன? வறண்ட தொண்டையில் அது ஒட்டி ஒட்டி இறங்கியது.

ஆஸ்பத்திரியில் கசப்பு மருந்தடித்துத் தொண்டையை மரக்க வைத்தார்கள். இடப்பக்கமாகப் படுக்க வைத்து, பல்லுக்கு நடுவே ஒரு வளையத்தை மாட்டி, குழாயை விட்டார் டாக்டர். குமட்டியது, கண்ணில் நீர் கொட்டியது. ஆனாலும் எதிரே என் வயிற்றைக் காட்டிய திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இத்தனை வருஷமாக நான் வாய்க்கு வந்தபடி திட்டிய வயிறு, செங்கொய்யாவைப் பிளந்த மாதிரி அத்தனை அழகாக இருந்தது!

"இதென்ன, வெள்ளையா ஒட்டியிருக்கு? புண்ணா இருக்குமோ?" டாக்டர் குழாயை நிறுத்தினார்.

ஆபரேஷன் தள்ளிப்போய்விடுமே! சொல்லலாம் என்றால் வாயில் குழாய். கையைத் தூக்கி நெற்றியில் மூன்று கோடு இழுத்துக் காட்டினேன். தலைவலி என்று நினைத்து, "இந்தா, முடிஞ்சிரும்மா" என்றார். மறுபடி இழுத்து, வாயையும் தொட்டேன். நர்ஸுக்குப் பிடிபட்டுவிட்டது.

"துன்னூற வாயில போட்டியளாக்கா?"

"ம்ம்!" என்றேன். குழாய் வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சியதும் வெள்ளை கரைந்து ஓடியது. அடியில் புண்ணும் இல்லை, ஒன்றும் இல்லை.

என்னை வெளியே கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டு, டாக்டர் என் வீட்டுக்காரரிடம் வயிற்றுப் படத்தைக் காட்டினார். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இம்புட்டு நல்லா இருக்க வயித்தயா சார் வெட்டப் போறீய?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மரத்த நாக்கோடு சொன்னேன்: "வயிறு நல்லாத்தாங்க இருக்கு. நாந்தான் நல்லா இல்ல. மாடிக்குப் போயி எம்புட்டு நாளாச்சு? துணி காயப்போடுறது யாரு, நீங்கதான?"

அவர் படத்தை டாக்டரிடமே நீட்டினார். பிறகு கேட்டார்:

"ஆபரேஷனுக்கு எப்ப சார் கூட்டிட்டு வரட்டும்?"

துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. முட்டி விடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கைதட்டினேன்.