பலிபீடம் இருந்த இடத்தில் ராசா

எங்கட நாட்டுக்கூத்தில ராசா வேசம் கட்டவேண்டியவருக்குப் புவாண்ட்-கிளேர் பக்கம் ஒரு ஸ்டோரில வேலை. கூத்து நடக்கிற அண்டைக்குப் பார்த்து லீவு குடுக்கேல்லை. பாட்டு முழுக்கத் தெரிஞ்ச ஆள் நான் ஒருத்திதான். ஒத்திகையெல்லாம் ஓரத்தில நிண்டு எல்லாருக்கும் அடி எடுத்துக் குடுத்தவள் நான்.

"நான் கட்டிறன்" எண்டன்.

கூத்துப் பழக்கின அண்ணாவியாருக்கு முகம் கறுத்துப்போச்சு. "பொம்பிளை ராசா வேசமோ? ஊரில ராணிக்கே ஆம்பிளையள்தானே கட்டினவை. சனம் சிரிக்கும், பிள்ளை."

"அப்ப வேற ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

வேற ஆள் எங்கை?

நாங்கள் வந்து குடியேறின நகரத்தில, நோத்ர-டாம்-த-கிரேஸ் எண்ட பகுதியில ஒரு பழைய தேவாலயம்தான் எங்கட மண்டபம். இத்தாலிய மறுமலர்ச்சிப் பாணியில, வட்டக் கூரையும் தடிச்ச தூணுமாக் கட்டினது. பூசைக்கு ஆள் வராமல் வித்துப்போட்டினம். தொண்ணூறுகளில அதுக்குள்ள நாடகமும் கச்சேரியும்தான். பலிபீடம் இருந்த இடத்தில மேடை. வாசலில தீர்த்தத் தொட்டிக்குள்ள நிகழ்ச்சித் தாள் அடுக்கியிருந்தது. எங்கட சனம் பழக்கதோசத்தில அதுக்குள்ள விரலை விட்டுச் சிலுவை போட்டு, முழங்காலிட்டு எழும்பி, ஆம்பிளையள் ஒரு பக்கம் பொம்பிளையள் ஒரு பக்கமாப் போய் இருந்தவை.

கிரீடம் வைச்சு, மீசை ஒட்டி, ராசா சபைக்கு வாற வரவுப் பாட்டை எடுத்தன். ஐயோ, அந்தக் கூரை என்ர குரலைத் தூக்கின தூக்கு! பாடி முடிச்சுப் பார்த்தால் ஒரு சத்தமில்லை. ஒரு கைதட்டு இல்லை. ரெண்டாம் பாட்டுக்கும் அப்பிடித்தான். அண்ணாவியார் சொன்னது சரியாப் போச்சே எண்டு எனக்கு அழுகையே வந்திட்டுது.

பேந்துதான் முன்வரிசையில ஒரு அம்மா முக்காடு போட்டுக் கைகூப்பி இருக்கிறதைக் கண்டன். அட, இந்தச் சனம் இன்னும் கோயிலுக்குள்ள எல்லோ இருக்குது! கோயிலுக்குள்ள ஆர் கை தட்டுவினம்?

எனக்கு வந்ததே ஒரு கோபம். வாளை நிலத்தில ஊண்டினன்.

"இஞ்சை பாருங்கோ! இது இப்ப கோயில் இல்லை. நற்கருணையை எப்பவோ எடுத்துக்கொண்டு போட்டினம். பிடிச்சால் தட்டுங்கோ, பிடிக்காட்டிக் கூ அடியுங்கோ. பேசாமல் மட்டும் இருக்காதேங்கோ!"

பேந்து பாக்கவேணுமே! கூரை இடிஞ்சு விழுந்த மாதிரிக் கைதட்டு, விசில். அந்த முக்காட்டு அம்மா இருந்த வாங்கில ஏறி நிக்காத குறை.

மேடையோரம் மத்தளத்தோட இருந்த அண்ணாவியார் என்னை நிமிர்ந்து பார்க்கேல்லை. வரவுப் பாட்டின்ர தாளத்தை முதலில இருந்து அடிக்கத் தொடங்கினார். நல்லாப் பாடின ராசாவுக்கு மட்டும்தான் அந்த மனிசன் அப்பிடித் திருப்பி அடிக்கிறவர்.

மீசை ஒரு பக்கம் கழண்டு தொங்கத் தொங்க, நான் திரும்பவும் சபைக்கு வந்தன்.