சுவருக்கு மேலே வந்த காப்பி

சேரன்மகாதேவியில் அக்கா வீட்டுக்குப் பின்னால் இருந்த வயலில் மனை போடுகிறார்கள். அத்தான் போனபின் அக்கா தனியாக இருக்கிறாள். அடுத்த வருஷம் எனக்குப் பணி ஓய்வு. ஒரே வீட்டில் இருந்தால் எங்களுக்கு இரண்டே நாளில் சண்டை வந்துவிடும். அடுத்தடுத்த வீடு என்றால் சரியாக இருக்கும். முன்பணம் கொடுக்குமுன் இடத்தைப் பார்த்துவிடலாம் என்று போன புரட்டாசியில் கிளம்பினேன்.

சென்னையிலிருந்து இரவு ரயில். காலையில் திருநெல்வேலியில் இறங்கி, செங்கோட்டை பாசஞ்சருக்கு மாறினேன். டிக்கெட் பத்து ரூபாய், இருபது கிலோமீட்டருக்குள்தான். பேட்டையைத் தாண்டினால் வயல்கள் வந்துவிடும். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். பேரம் பேசும் தெம்பு இப்போது இல்லை.

அவர்கள் அனுப்பியிருந்த மனை வரைபடத்தை ரயிலிலேயே படித்து முடித்திருந்தேன். முப்பது வருஷம் அலுவலகத்தில் வரைபடம் சரிபார்த்தவளுக்கு அது பொழுதுபோக்கு மாதிரி. தெருக்கள் முப்பதடி அகலம். மனைகளை நாலடி உயர்த்துகிறார்கள். வாய்க்கால் ஓரத்தில், அக்கா வீட்டுச் சுவரை ஒட்டிப் பூங்கா. அது மட்டும் பழைய வயல் மட்டத்திலேயே பள்ளமாக இருக்கும், வெள்ளம் வந்தால் தண்ணீர் அங்கே நிற்கும். யாரோ யோசித்துப் போட்டிருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன்.

மனை விற்பனையைப் பார்க்கிற அண்ணாச்சி என்னை சரள் ரோட்டில் கூட்டிப்போனார். "ஆறே பெருகி வந்தாலும் இங்கன ஒரு சொட்டு ஏறாது மேடம்."

பூங்காவுக்கு வந்ததும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் கேட்டது. "ஏட்டி, அங்கனயே நில்லு." சுவருக்கு மேலே கையை நீட்டி காப்பி டம்ளரைக் கொடுத்தாள். குனிந்து வாங்கிக்கொண்டேன். "பாத்தியா, இனிமே காப்பிக்கு நீ தெருவைச் சுத்தி வர வேண்டாம்" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

இரண்டு வாய் குடித்த பிறகுதான் உறைத்தது. வயல் பக்கம் அந்தச் சுவர் ஆறடி உயரம். அதற்கு நான் ஏன் குனிந்தேன்? பூங்காவையும் மண் கொட்டி மேடாக்கியிருந்தார்கள்.

அண்ணாச்சியிடம் கேட்டேன். "பள்ளமா கெடந்தா வாங்குதவங்க மொகம் சுளிக்காங்க மேடம்" என்றார்.

"அப்ப தண்ணி எங்க போகும் அண்ணாச்சி?"

அவர் வாய்க்காலைப் பார்த்தார். நான் அக்காவின் அடுக்களையைப் பார்த்தேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் இந்த வயலில் பரவியதால்தான் அவள் வாசற்படியோடு நின்றது. இனி என் வீடு நனையாது, அவள் வீடு நனையும்.

முன்பணம் கொடுக்கவில்லை. வரைபடத்தில் இருப்பதுபோல் பூங்காவைத் திரும்பவும் பள்ளமாக்கினால் மட்டுமே வாங்குவேன் என்று சொல்லிவிட்டேன். அக்கா பெயரில் ஒரு ஆட்சேப மனுவும் எழுதினேன்.

மனை பார்க்கப் போகிறவர்கள் காலை ரயிலில் போனால் வெயிலுக்கு முன்பே முடித்துவிடலாம். பூங்கா எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் மட்டும் பார்க்காதீர்கள், அதில் போய் நின்று பாருங்கள். பக்கத்து வீட்டு முற்றம் உங்கள் காலுக்குக் கீழே தெரிந்தால், அந்த வீட்டுக்காரர்களிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

நான் பேசிப் பார்த்தேன். அக்கா மனுவில் கையெழுத்துப் போடவில்லை. ஸ்டேஷனில் என் பையைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "வெள்ளம் என்னைக்காவது ஒரு நா வரும்ட்டி. நீ தெனமும் இருப்பேல்லா."