ஒன்பதாவது அறைக்குக் கதவில்லை

விடியலின் விலை முப்பது லட்சம். விற்றவன் நான், வாங்கியவர் என் அண்ணன். மலைமேல் அவர் கட்டிய மாளிகையில் அத்தனை படுக்கையறைகளையும் கிழக்கே திருப்ப ஆன கூடுதல் செலவு அது. வரைபடம் என்னுடையது. இனிச் சொல்வது என் காதால் கேட்டது. நம்பாதவர்கள் அண்ணனைக் கேளுங்கள்.

உறவும் நட்பும் வந்து தங்க ஒன்பது அறை போட்டிருந்தேன். ஒன்பதாவது அக்காவுக்கு. நுரையீரல் கெட்டு, அடிவாரத்து மருத்துவமனையில் கிடந்தாள். "மலைக்காத்துல பத்து நாள் படுத்து எழுந்தா போதும்டா," என்று மட்டும் கேட்டாள். குடும்பக் கடையில் பங்கு கேட்டவளுக்கு அறை ஒரு கேடா என்று, அண்ணன் எனக்குத் தெரியாமல் அந்தக் கதவை எடுத்துவிட்டுச் சுவர் வைத்தார். தன் படுக்கையறையோடு சேர்த்து, துணி மாட்டும் அறையாக்கிவிட்டார்.

தெரிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு ஏறினேன். வேலையாட்கள் இல்லை. அண்ணன் மட்டும். பிற்பகல் மூன்று மணி. மூடுபனி ஜன்னல்வரை வந்து நின்றது.

"உங்க சட்டைக்கெல்லாம் மலைக்காத்து வேணும். கூடப் பொறந்தவளுக்கு வேணாம். அப்படித்தானே?"

"கேஸ் போடுவேன்னவ சோபாவுல படுக்கட்டும்."

"விட்டுடுவீங்களா? அதுக்கு இன்னும் பிளாஸ்டிக் உறையே பிரிக்கல நீங்க."

அவர் திரும்பி நடந்தார். பூட்டுகளைச் சரிபார்க்கிறாராம். ஒவ்வொரு கதவாகத் தட்டி எண்ணினார்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

எங்களுடையது தானியக் கடை. அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டோம், லாபம் என்போம். கதவை எண்ணினாலும் அந்த நாக்குதான்.

"எட்டு," என்று கடைசிக் கதவில் நிறுத்தினார். அதற்கப்பால் வெறும் சுவர்.

டொக்.

சுவருக்கு உள்ளிருந்து.

"லாபம்..."

பெண் குரல். இருமலோடு.

சுவருக்கு மறுபக்கம் இருந்த அண்ணனின் படுக்கையறை வழியாக உள்ளே ஓடிப் பார்த்தேன். சட்டைகள் மட்டும். காற்றில்லை. ஒரே ஒரு சட்டைக் கை ஆடிக்கொண்டிருந்தது...

டொக். "ரெண்டு..."

வெளியே வந்தேன். சத்தம் இப்போது எட்டாவது கதவில். உள்பக்கமிருந்து. அண்ணன் பூட்டைத் திறந்தார். யாருமில்லை.

டொக். "மூணு..."

ஏழாவது.

ஒவ்வொரு கதவாக... மாடிப்படியை நோக்கி... நின்று நின்று...

மூச்சு வாங்கி...

முதல் கதவு.

"ஒன்பது."

பிறகு ஒன்றுமில்லை.

அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போதும் அவர்மேல் இரக்கம் வரவில்லை.

மருத்துவமனையிலிருந்து அழைத்த நர்ஸ், அக்கா மூன்று பத்துக்குப் போய்விட்டாள் என்றாள். பிறகு கேட்டாள்.

"சார், லாபம்னு உங்க வீட்டுல யாரு? கட்டில் கம்பியைத் தட்டித் தட்டி மொதல்ல அவங்களைத்தான் கூப்பிட்டாங்க. அப்புறம் ரெண்டு, மூணுன்னு எண்ணினாங்க. ஒன்பதுல நின்னுடுச்சு."

அண்ணன் சுவரை இடித்துக் கதவு வைத்துவிட்டார். அறை ஒன்பது, கதவு ஒன்பது, கணக்கு நேர் என்கிறார். என்ன நேர்? அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஓர் இரவு முழுதாகத் தங்கியவர் இன்றுவரை பூஜ்யம். வரவேண்டியவள் ஒருத்தி. அவள் பாக்கி.