ஒட்டினது தெரியக் கூடாது

கண்ணுக்குத் தெரியாத சரக்கை விற்றுப் பிழைப்பது போல ஒரு பாடு வேறு கிடையாது. ஓடுகிற காரின் முகப்பில் கல் தெறித்துப் பெயிண்ட் பெயராமல் இருக்க, நிறமே இல்லாத ஒரு பிலிமை ஒட்டிக்கொடுப்பது எங்கள் தொழில். ரெண்டாயிரத்துக்குப் பிறகு திருவனந்தபுரத்தில் வீட்டுக்கு வீடு கார் வந்த சமயம். கடை கரமனையில். ஒட்டுவது என் வீட்டுக்காரர், பேசிச் சமாளிப்பது நான். அவர் நன்றாக ஒட்டினால் ஒட்டினதே தெரியாது. தெரியாவிட்டால் வந்தவர்கள் என் கழுத்தைப் பிடிப்பார்கள். இன்சூரன்ஸ் ஏஜெண்டுகளே, கரையான் மருந்து அடிக்கிறவர்களே, உங்களுக்காவது என் சங்கடம் புரியும்.

மச்சினன் பார்க்கணும்

சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி புதுக்காரோடு வந்தார். வேலை முடிந்ததும் பானட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார், தடவிப் பார்த்தார். நான் ஓரத்தை நகத்தால் தொட்டுக் காட்டிய பிறகுதான் நம்பினார். நம்பின பிறகுதான் வினையே ஆரம்பித்தது. ஒரு மூலையை மட்டும் கொஞ்சம் தூக்கின மாதிரி விட முடியுமா என்றார்! என் வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று. சோப்புத் தண்ணீர் தெளித்து, ரப்பர் கட்டையால் ஒவ்வொரு குமிழியாகத் தள்ளி, மூலை படியப் படாத பாடு பட்டவர் அவர்.

"தூக்கி விட்டா தூசி ஏறி மொத்தமும் உரிஞ்சிரும் அண்ணாச்சி" என்றேன். மனுஷர் பானட்டை இன்னொரு தடவை தடவினார். பிறகு சொன்னார்: "அப்பம், பிலிம் ஒட்டியிருக்குன்னு மேல எழுதியாவது குடும்மா. மச்சினன் வந்து கேட்டா நான் என்னத்தக் காட்ட, காத்தையா?"

சந்தனம்

பெரிய கோயிலைச் சுற்றின கோட்டைக்குள், அக்ரகாரத்தில் இருந்து ஒரு மாமாவும் மாமியும் வந்தார்கள். கார் நேராகப் பிள்ளையார் கோயிலில் இருந்து வருகிறது. பானட் நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம், முன்னால் மாலை. பிலிம் ஒட்ட வேண்டுமென்றால் முதலில் பானட்டைப் பளிச்சென்று கழுவ வேண்டும். ஒரு துளி தூசி அடியில் மாட்டினாலும் கொப்புளம்தான். மாமி குறுக்கே நின்றுவிட்டாள். இப்போதுதான் வைத்த பொட்டை அதற்குள் அழிப்பார்களா என்று கேட்டாள். மாமா தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார், புத்திசாலி.

மாமியே ஒரு வழியும் சொன்னாள்: சந்தனத்தை அப்படியே விட்டு மேலே ஒட்டிவிட்டால் ஆயுசுக்கும் அழியாதாம். "பூசணம் பூக்கும் மாமி!" என்று நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். எனக்குப் பொறுமை அவ்வளவுதான். கடைசியில் கழுவி, ஒட்டி, மேலே புதுச் சந்தனம் வைப்பது என்று முடிவாயிற்று. மாமி தன் கையாலேயே வைத்தாள். வைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டாள்: "கல்லைத் தடுக்கும்னு சொல்றேளே, பிள்ளையாரையும் சேர்த்துத் தடுத்துடாதே?"

பொன்முடி டிரைவர்

பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் டிரைவர், செல்வம் என்று பெயர். மானேஜரின் வெள்ளைக் காரை சர்வீசுக்குக் கொண்டு வந்தவன், எங்கள் கடையில் நிறுத்திவிட்டுத் திருட்டு முழி முழித்தான். மலையில் ரோடு வேலை நடக்கிறதாம். ஜல்லி லாரிகள் வளைவுக்கு வளைவு கல்லை இறைத்துக்கொண்டு போகுமாம். மானேஜர் தொரைக்கோ, பெயிண்டில் கல்லடி பட்டால் அது டிரைவரின் குற்றம்தான், லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போனதால் வந்தது. முந்தின டிரைவரை அதற்காகவே இறக்கி, தேயிலை பாக்டரியில் விறகு தள்ள விட்டுவிட்டாராம். அதனால் அவருக்குத் தெரியாமல் பிலிம் ஒட்டித்தர வேண்டுமாம்.

"தொரைகிட்டயே சொல்லி ஒட்டேன்ப்பா" என்றேன். சொன்னால், ஓட்டத் தெரியாதவன் சாக்குத் தேடுகிறான் என்பாராம். அப்பாவி முகம். எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே பானட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். முடித்ததும், ஓரத்தில் அழுக்கு சேர்ந்தால் கோடு தெரிந்துவிடும், தினமும் பழைய பிரஷால் தேய் என்று சொல்லி அனுப்பினார். அவர் ஒரு நாளில் பேசுகிற பேச்சு மொத்தமும் அதுதான். இவ்வளவு பயப்படுகிறாயே என்று நான் செல்வத்தைக் கேலி செய்ததற்கு அவன் சொன்னான்: "பயமில்லாம எப்படிக்கா? மலையடியில விதுராவுல பொண்ணு பேசி வச்சிருக்கு. டிரைவருங்கறதுக்காகத்தான் குடுக்காங்க, வெறகு தள்றவனுக்கு யாரு குடுப்பா?"

தொரை வந்தார்

அடுத்த வருஷம் தொரையே வந்து இறங்கினார். மனைவிக்குப் புதுக் கார் வாங்கப் போகிறார், கண்ணாடிகளுக்குக் கூலிங் பிலிம் விசாரிக்க வந்திருக்கிறார். வந்தது அதே வெள்ளைக் காரில். கதவைத் திறந்துவிட்டு அவர் பின்னால் நின்ற செல்வத்துக்கு முகத்தில் ரத்தமே இல்லை. மலைக்குப் போகிற கார் என்றதும் என் வாய் சும்மா இருக்குமா? முகப்புக்கும் பிலிம் போடுங்கள் சார், கல் தெறித்தாலும் பெயிண்டுக்கு ஒன்றும் ஆகாது என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். என் வெள்ளைக் காரைப் பார்த்தீர்களா, அதே ரோட்டில்தான் ஒரு வருஷமாக ஓடுகிறது, ஒரு பொட்டுக் கல்லடி உண்டா என்றார்.

அடடா! அந்தப் பெயிண்ட் ஏன் அப்படி இருக்கிறது என்று சொன்னால் அன்றைக்கே வியாபாரம் முடிந்தது. எஸ்டேட் ஆட்கள் முழுக்க எங்கள் கடைக்கு வந்திருப்பார்கள். நாக்கு நமநமவென்றது. வீட்டுக்காரர் பானட் பக்கம் போய்க் குனிந்தார். பிலிம் வாங்கிக்கொண்ட அடிகள் பொடிப்பொடியாக அவருக்குத் தெரிந்திருக்கும். பெருவிரலால் ஓரத்தை ஒரு தடவை நீவிவிட்டு என்னைப் பார்த்தார். செல்வமும் பார்த்தான், கும்பிடாத குறை. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் விற்க வந்த சரக்கை நானே மடக்கி வைத்தேன். "ஆமா சார், நல்ல கை, அதான்" என்றேன்.

தொரைக்கு வாயெல்லாம் பல். செல்வத்தின் தோளில் தட்டிக்கொண்டே, தமிழும் மலையாளமும் கலந்து சொன்னார்: "பின்னே! எல்லாம் இவன்டே கை, கேட்டோ சேச்சி. தை மாசம் இவனுக்குக் கல்யாணம், நான்தான் முன்னால நின்னு நடத்துறேன். பிலிம் எல்லாம் ஓட்டத் தெரியாதவங்களுக்கு!"

எங்கள் பிலிமுக்கு அதைவிடப் பெரிய நற்சாட்சிப் பத்திரம் இதுவரை யாரும் தந்ததில்லை, வெளியே சொல்லி வியாபாரம் பண்ணத்தான் கொடுத்துவைக்கவில்லை.